உம்மாவின் காலில் இருந்த சின்னக் கதவுகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் உம்மா, மாமி, ராத்தா என்று யாருக்காவது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தால் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன வருஷம் ஒரு நாள், சுபஹு நேரம். வுழூச் செய்யப் போன உம்மா, "மகள், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். குரலில் பெரிய பதற்றம் எதுவும் இல்லை. போய்ப் பார்த்தால் பாத்ரூம் தரை முழுக்க இரத்தம். வலது கணுக்காலுக்கு மேலே, வருஷக்கணக்காகப் புடைத்துக் கிடந்த ஒரு நரம்பிலிருந்து பீறிக்கொண்டிருந்தது. உம்மாவுக்கு வலியே இல்லை. கால் கழுவும்போது சின்னப் பொருக்கு ஒன்று கழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நாங்கள் செய்தது எல்லாமே பிழை. உம்மாவைக் கதிரையில் உட்கார வைத்தோம், கால் தொங்கியபடியே. தம்பி சால்வையை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். இரத்தம் குறையவில்லை, கூடியது. சாச்சி அழத் தொடங்கிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், பக்கத்து வீட்டில் ஒரு நேர்ஸ் ராத்தா இருக்கிறார். சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

"இப்படி இருக்க வெச்சா எப்படி இரத்தம் நிக்கும்? தரையில கிடத்துங்க. அந்தக் கட்ட அவிழுங்க. காலத் தூக்கிப் பிடிங்க."

உம்மாவைப் படுக்க வைத்து, காலைக் கதிரை மேல் உயர்த்தி, சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் மட்டும் விரலால் அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. இவ்வளவு நேரமும் எங்களைப் பயமுறுத்திய இரத்தம், காலை உயர்த்தி அழுத்தியதும் அடங்கியது.

நான் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர். "நாளங்களில் வால்வுகள் காணப்படும், நாடிகளில் காணப்படமாட்டாது" என்பதை எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பரீட்சைக்கு வரும் வித்தியாசம் அது. கலாசாலையில் நானும் அப்படித்தான் எழுதிப் புள்ளி எடுத்தேன். ஆனால் என் உம்மாவின் காலில் அந்த ஒரு வரி உடைந்து கிடந்ததை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எல்லாமே "நரம்பு"தான். கை விறைத்தாலும் நரம்பு, ஊசி போடத் தேடுவதும் நரம்பு, காலில் சுருண்டு கிடப்பதும் நரம்பு. காலில் புடைத்து நிற்பது உண்மையில் நரம்பு இல்லை, நாளம். உடம்பிலிருந்து இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பெயர் பிழைத்ததால் வைத்தியமும் பிழைத்தது. உம்மாவுக்கு நாங்கள் பூசாத நரம்பு எண்ணெய் இல்லை. நரம்புக்கு என்று விற்றமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தபோது "கரப்பான்" என்றோம். பிறகு அந்த இடத்தில் புண் வந்தபோது "சீனி வருத்தமாக்கும்" என்றோம். பரிசோதித்தால் சீனி இல்லை. புண் மட்டும் ஆறாமல் இரண்டு வருஷம் கிடந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் இருந்து கிளினிக்குக்கு எழுதித் தந்தார்கள். அங்கே டொப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டு டொக்டர், "உம்மாட வால்வு பழுதாகிட்டு" என்றார். சாச்சிக்கு மறுபடி அழுகை. இதய வால்வு என்று நினைத்துவிட்டார். டொக்டர் சிரித்துக்கொண்டே, "இதயத்தில இல்ல, காலில" என்றார். காலிலும் வால்வு இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் அது பாடமாக மட்டும்தான் தெரியும்.

அந்த வால்வு எப்படி இருக்கும் என்பதைப் பிறகுதான் தேடி வாசித்தேன். நாளத்தின் உட்சுவரில் இருந்து, எதிரெதிராக இரண்டு மெல்லிய மடிப்புகள். சட்டைப்பை மாதிரி, வாய் மேல்நோக்கி இருக்கும். குருதி மேலே போகும்போது இரண்டும் சுவரோடு ஒட்டி வழிவிடும். கீழே இறங்கப் பார்த்தால் பைகள் நிரம்பி, நடுவில் ஒன்றோடொன்று முட்டி மூடிக்கொள்ளும். இரட்டைக் கதவு போல. ஒவ்வொரு கதவும் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. இரண்டு பக்கமும் ஒற்றை வரிசைக் கலங்கள், நடுவில் உறுதிக்குக் கொலாஜன், இழுபட்டு மீளுவதற்கு இலாஸ்டின். அவ்வளவுதான் அதன் இழையம்.

அந்த மெல்லிய கதவு தாங்கும் பாரத்தைப் பாருங்கள். நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் இருக்கும் அமுக்கம் கிட்டத்தட்ட 80 முதல் 90 மில்லிமீற்றர் இரசம். இதயம் வரை நிற்கும் குருதியின் பாரம் அது. நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை சுருங்கி நாளத்தைப் பிழிகிறது, குருதி மேலே ஏறுகிறது, வால்வு மூடி அதைத் திரும்ப விடாமல் வைக்கிறது. சில அடிகள் நடந்தாலே அமுக்கம் 20, 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் இது நடக்காது. தசை மேலே தள்ளியது அடுத்த நொடியே கீழே வந்துவிடும். நடந்தாலும் அமுக்கம் போதியளவு இறங்காது. பகல் முழுக்க அந்தப் பாரம் கணுக்காலிலேயே நிற்கும்.

கதவு எப்படிப் பழுதாகிறது? "வயசு போனால் தேயும்" என்றுதான் நான் நினைத்திருந்தேன். விஷயம் அவ்வளவு எளிதில்லை.

முதலாவது, நிலை விரிகிறது. வீட்டுக் கதவு நல்லாக இருந்தாலும் நிலை விரிந்துவிட்டால் இரண்டு பலகையும் நடுவில் சேராது. நாளத்துக்கும் அப்படித்தான். நோய் வந்த நாளச் சுவரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஒழுங்காக வரிசையில் இருக்க வேண்டிய மழமழப்பான தசைக் கலங்கள் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே கொலாஜன் கண்டபடி படிந்திருக்கிறது. இலாஸ்டின் துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. அதனால் சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போய், குழாய் விரிந்து சுருள்கிறது. வால்வு இன்னும் நல்லாக இருக்கும் இடங்களில்கூட சுவர் விரிந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது எல்லாருக்கும் வால்வுதான் முதலில் பழுதாகிறது என்று சொல்ல முடியாது. சிலருக்குச் சுவரில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது, கதவுப் பலகையே கெடுகிறது. நாளத்தின் உட்படையில் இருக்கும் கலங்களுக்குக் குருதி ஓடுவதை உணரும் சக்தி இருக்கிறது. ஓட்டம் சீராக இருந்தால் அவை அமைதியாக இருக்கும். குருதி தேங்கியும் முன்னும் பின்னும் அலைந்தும் நின்றால் அவை மாறிவிடும், வெண்குருதிக் கலங்களைத் தம்மோடு ஒட்ட வைக்கும். ஒட்டிய வெண்கலங்கள் வால்வின் இழையத்துக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. கிருமி எதுவும் இல்லாமலே அழற்சி உண்டாகிறது. அங்கே சுரக்கும் நொதியங்கள் கொலாஜனையும் இலாஸ்டினையும் அரிக்கின்றன. சத்திரசிகிச்சையில் எடுத்த நாளங்களில் இந்த வால்வுகளைப் பார்த்திருக்கிறார்கள். சில இழுபட்டுத் தொங்குகின்றன. சில தடித்துக் குறுகிவிட்டன. சில கிழிந்து ஓட்டையாகி இருக்கின்றன. சில இடங்களில் சுவரோரம் ஒரு விளிம்பு மட்டும்தான் மிச்சம்.

கதவு பழுதானால் குருதி இன்னும் தேங்கும். தேங்கினால் அழற்சி கூடும். அழற்சி கூடினால் கதவு இன்னும் கெடும். ஒரு வால்வு விட்டுக்கொடுத்தால் மேலே இருக்கும் பாரம் அடுத்த வால்வில் விழும். இப்படியே வருஷக்கணக்காக, சத்தமில்லாமல் நடக்கிறது.

பிறகு அது தோலுக்கு வருகிறது. அமுக்கம் தாங்காமல் மயிர்த்துளைக் குழாய்களில் இருந்து செங்கலங்கள் கசிகின்றன. அவற்றில் உள்ள இரும்பு படிந்துதான் கணுக்காலுக்கு மேலே அந்தக் கபிலக் கறுப்பு. நாங்கள் கரப்பான் என்று சொன்னது இரும்புக் கறை! பிறகு தோல் தடித்துக் கல் மாதிரி இறுகும். பிறகு சின்னக் கீறல் பட்டாலும் ஆறாது. உம்மாவின் புண் ஆறாததற்குக் காரணம் புண்ணில் இல்லை. அதற்கு மேலே மூடாத கதவில் இருந்தது.

யாருக்கு வரும்? குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்புக் கூட. வயது, உடற்பருமன், நீண்ட நேரம் நின்று செய்யும் வேலை. கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் நாளச் சுவரைத் தளர்த்தும், உடம்பில் குருதியின் அளவும் கூடும், வளரும் கருப்பை மேலே உள்ள பெரிய நாளங்களை நெருக்கும். உம்மா எங்கள் ஆறு பேரைப் பெற்றவர். வாப்பா மௌத்தான பிறகு சுபஹுக்கு முன்பே எழும்பி அடுப்படியில் நின்றபடியே அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்து எங்களைப் படிப்பித்தவர். என் கலாசாலைச் செலவும் அந்த அப்பத்தில்தான் வந்தது. டொக்டர் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் உம்மாவின் காலைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கெட்டுப்போன அந்தக் கதவை எண்ணெய் பூசித் திரும்பக் கட்ட முடியாது. மாத்திரையாலும் முடியாது, உருவிப் பிடிப்பதாலும் முடியாது. உடம்பு புதிய வால்வை வளர்த்துத் தருவதும் இல்லை. ஆனால் அந்தக் கதவு கெட்டதால் வரும் அமுக்கத்தை இறக்க முடியும். புண்ணை ஆற்ற முடியும். அதற்கு வழி இருக்கிறது. நாங்கள் இரண்டு வருஷம் பிழையான இடத்தில் வழி தேடிக்கொண்டிருந்தோம்.

டொக்டர் பழுதான நாளத்தை மூட வேண்டும் என்றதும் உம்மா கேட்டார், "அத மூடினா இரத்தம் எப்படி மகன் மேல போகும்?" எனக்கும் அதே கேள்விதான். டொக்டர் சொன்னார்: காலின் குருதியில் கிட்டத்தட்ட 90 வீதம் தசைக்குள்ளே இருக்கும் ஆழமான நாளங்களால்தான் போகிறது. உம்மாவுக்கு அவை நல்லாக இருப்பதை ஸ்கேனில் பார்த்தாகிவிட்டது. தோலுக்குக் கீழே உள்ள பழுதான நாளம் குருதியை மேலே கொண்டுபோகவில்லை, கீழேதான் கொண்டுவருகிறது. அதை மூடினால் குருதி நல்ல வழியால் போகும்.

பிறகு ஒன்று சொன்னார். பைபாஸ் செய்தவர்களின் காலில் நீளமாகத் தழும்பு இருக்குமே, பார்த்திருப்பீர்கள். எங்கள் மாமாவுக்கும் இருக்கிறது. இதயத்தில் வைப்பதற்காகக் காலில் இருந்து எடுப்பது பெரும்பாலும் இதே நாளத்தைத்தான், பழுதாகாத நிலையில். அதை அப்படியே வைத்தால் உள்ளே இருக்கும் வால்வுகள் குருதியை மறிக்கும். அதனால் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய கதவு, சரியான திசையில் எவ்வளவு உறுதியாக வேலை செய்கிறது! சுப்ஹானல்லாஹ்.

முன்பு இந்த நாளத்தை உருவி எடுப்பார்கள். இப்போது லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் உள்ளேயே மூடுவதும், நுரை மருந்து ஏற்றி மூடுவதும் இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஸ்கேன் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். புண் இருப்பவர்கள் பிந்தக் கூடாது. 2018 இல் வெளியான, இங்கிலாந்தில் 450 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அமுக்கக் கட்டுப் போடுவதோடு நாளத்தையும் உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள். கட்டை மட்டும் போட்டு, மூடுவதைப் பிற்போட்டவர்களுக்கு 82 நாள்.

உம்மாவுக்கு முதலில் அமுக்கக் கட்டுப் போட்டார்கள். அங்கேயும் ஒரு பிரச்சினை. ஒவ்வொரு வக்துக்கும் வுழூச் செய்ய உம்மா கட்டை அவிழ்த்தார். ஒரு நாளைக்கு ஐந்து தரம்! எங்களிடம் சொல்லவும் இல்லை. கட்டு தளர்ந்தால் அமுக்கம் இல்லை, அமுக்கம் இல்லாவிட்டால் புண் ஆறாது. நேர்ஸ் ராத்தாதான் பிடித்தார். பிறகு பள்ளி மௌலவியிடம் போய் விபரமாகக் கேட்டோம். காயக் கட்டு உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று சொல்லி, எப்படிச் செய்வது என்று காட்டித் தந்தார். உம்மா அழுதுவிட்டார். "இத முதல்லயே கேட்டிருக்கலாம்" என்றார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உம்மா இவ்வளவு காலம் ஏன் காட்டவில்லை தெரியுமா? ஆண் டொக்டரிடம் காலைக் காட்ட வெட்கம். அபாயாவும் சொக்ஸும் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கிளினிக்கில் கேட்டபோது, நேர்ஸ் பக்கத்தில் இருக்க, திரை போட்டு, தேவையான இடத்தை மட்டும்தான் பார்த்தார்கள். பெண் டொக்டர் இருக்கும் நாளைக் கேட்டும் போகலாம். வெட்கம் நல்லது. அது நோயை வளர்க்கக் கூடாது.

பிறகு நாளத்தை மூடினார்கள். நாலு மாதத்தில் புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். தோலின் கறுப்பு இன்னும் இருக்கிறது.

இப்போது நான் அந்தப் பாடத்தை வேறு மாதிரிப் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளையின் மேற்கையில் துணியால் இலேசாகக் கட்டிவிட்டால் முன்கையில் நாளம் எழும்பும், இடையிடையே முடிச்சு மாதிரித் தெரியும். அதுதான் வால்வு. ஒரு விரலால் நாளத்தை அழுத்தி, இன்னொரு விரலால் குருதியைத் தோள்பக்கம் தள்ளிவிட்டால், அடுத்த முடிச்சைத் தாண்டி அது திரும்பி வராது. 1628 இல் வில்லியம் ஹாவே தன் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. குருதி ஒரு திசையில் சுற்றுகிறது என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. அவருடைய ஆசிரியர் பப்ரீசியஸ் 1603 இல் இந்த வால்வுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் வைத்த இலத்தீன் பெயரின் கருத்து "சின்னக் கதவுகள்". அதற்கும் அறுநூறு வருஷம் முன்பே, அந்தலூசியாவில் அஸ்ஸஹ்ராவி தன் மருத்துவ நூலில் இந்த நோய்க்கான சத்திரசிகிச்சையை எழுதியிருக்கிறார். அரபியில் இதற்குப் பெயர் தவாலி. திராட்சைக் கொடிக்கும் அதே சொல்தான். உம்மாவின் காலைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

உறவுகளே, இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புடைத்த நாளத்தில் இருந்து இரத்தம் பீறினால் கதிரையில் இருத்தாதீர்கள். மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், அது அமுக்கத்தைக் கூட்டும். படுக்க வையுங்கள், காலை நெஞ்சை விட உயர்த்துங்கள், சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் பத்து நிமிஷமாவது அழுத்துங்கள். நின்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தாலோ, இறுகினாலோ, இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டாலோ கிளினிக்குக்குப் போங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே போங்கள். அது ஆழமான நாளத்தில் இரத்தம் கட்டியதாக இருக்கலாம். மூச்சும் முட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம்.

அமுக்கக் கட்டையும் இறுக்கமான சொக்ஸையும் கடையில் வாங்கி நீங்களாகவே போடாதீர்கள். நாடியில் அடைப்பு இருப்பவருக்கு அது காலுக்கே ஆபத்து. சீனி வருத்தம் உள்ளவர்கள் முக்கியமாகப் பரிசோதித்த பிறகே போட வேண்டும்.

நம்மைப் போல நின்று வேலை செய்யும் டீச்சர்மார், கடையில் நிற்பவர்கள், அடுப்படியில் நிற்பவர்கள்: அசையாமல் நிற்காதீர்கள். குதியைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், நாலு அடி நடவுங்கள். பழுதான வால்வை அது திருத்தாது. ஆனால் தசை பிழியும்போது குருதி தேங்காது.

போன மாதம் அந்தச் சோதனையைச் செய்த நாள், பெல் அடித்த பிறகு ஒரு பிள்ளை மேசையடியில் வந்து நின்றாள். "டீச்சர், எங்கட உம்மாட காலும் இப்படித்தான். கறுத்துப் போயிருக்கி. யாருக்கும் காட்ட மாட்டாங்க" என்றாள். அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் என் உம்மாவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சொக்ஸைக் கழற்றினார். புண் இன்னும் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்.

உங்கள் உம்மாவிடமும் இன்றைக்கு ஒரு தரம் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் புண்ணோடு இருக்கும் எல்லாத் தாய்மாருக்காகவும் துஆச் செய்யுங்கள்.